அடையாளத்தைச் சுமக்கும் சொல்: ஜெர்மன் பெயரடை விகுதிகளின் ஒழுங்கு

ஜெர்மன் மொழியைக் கற்பவர்கள் அதன் ஒலிகளிலும் வாக்கிய அமைப்பிலும் தேர்ச்சி பெற்ற பின்பும் நெடுங்காலம் தடுமாறும் இடம், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் பெயரடையின் ஈற்றில் சேர்கின்ற சிறு விகுதியே ஆகும். 'சிறிய' என்று பொருள்படும் 'கிளைன்' என்னும் சொல், தன்னை அடுத்து வரும் பெயரின் பாலுக்கும் எண்ணுக்கும் வேற்றுமைக்கும், தனக்கு முன்னால் நிற்கும் சொல்லின் இயல்புக்கும் ஏற்ப, கிளைனெ, கிளைனென், கிளைனெர், கிளைனெஸ், கிளைனெம் என்று ஐந்து வடிவங்களை எடுக்கிறது. ஒருமையில் மூன்று பால்கள், அவற்றோடு பன்மை, இவை ஒவ்வொன்றுக்கும் நான்கு வேற்றுமைகள் என்று 16 கட்டங்கள் கொண்ட அட்டவணை ஒன்றை வரைந்து, அத்தகைய அட்டவணைகள் மூன்றினை அடுத்தடுத்து வைத்து, ஆக 48 கட்டங்களில் இந்த ஐந்து விகுதிகளையும் நிரப்பிக் காட்டுவது இலக்கண நூல்களின் வழக்கம். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1880இல் வெளியிட்ட தம் பயண நூலின் பிற்சேர்க்கையில் ஜெர்மன் மொழியின் கொடுமைகளைப் பட்டியலிட்டபோது, இந்த விகுதிகளையும் விட்டுவைக்கவில்லை. ஆயினும் 48 கட்டங்களையும் ஒன்றாக வைத்து நோக்கினால், அவற்றுக்குள் ஒரே நெறி இயங்குவது புலப்படும். பெயரின் பால், எண், வேற்றுமை ஆகிய அடையாளங்களைப் பெயருக்கு முன்னால் ஏதேனும் ஒரு சொல் தெளிவாக அறிவித்தாக வேண்டும். அதை முன்சொல் அறிவித்துவிட்டால் பெயரடைக்குச் சுமை குறைகிறது, முன்சொல் அறிவிக்காவிட்டால் பெயரடையே அதைச் சுமக்கிறது.

தமிழுக்கு நேர்மாறான ஏற்பாடு

இந்தத் திரிபு எங்கே நிகழ்கிறது என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். 'நல்ல' என்று பொருள்படும் 'கூட்' என்னும் பெயரடை பயனிலையாக வரும்போது எவ்வித மாற்றமும் அடைவதில்லை. 'அந்த மனிதர் நல்லவர்' என்பதற்கு 'டேர் மன் இஸ்ட் கூட்' என்றும், 'அந்தப் பெண் நல்லவள்' என்பதற்கு 'டீ ஃபிராவ் இஸ்ட் கூட்' என்றும், 'அந்த வீடு நல்லது' என்பதற்கு 'டாஸ் ஹவுஸ் இஸ்ட் கூட்' என்றும் ஜெர்மானியர் கூறுவர். மூன்றிலும் 'கூட்' என்னும் சொல் வெறுமையாகவே நிற்கிறது. அதே சொல் பெயருக்கு முன்னால் சென்று நின்ற உடனே விகுதி ஏற்கிறது.

தமிழில் இது அப்படியே தலைகீழாக அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது. தமிழ் இலக்கணம் குறிப்புப் பெயரெச்சம் என்று வகைப்படுத்தும் 'நல்ல' என்னும் சொல், நல்ல பையன், நல்ல பெண், நல்ல வீடு, நல்ல வீடுகளுக்கு என்று எந்தப் பெயருக்கு முன் வந்தாலும், அந்தப் பெயர் எந்த வேற்றுமையை ஏற்றாலும் மாறுவதில்லை. பயனிலையாக வரும்போதுதான் நல்லவன், நல்லவள், நல்லது என்று திணையும் பாலும் காட்டுகிறது. தமிழ்ப் பெயர் தன் வேற்றுமை உருபைத் தன் ஈற்றிலேயே தாங்கிக்கொள்வதால், அதற்கு முன்னால் நிற்கும் அடைக்கு அந்த வேலை தேவைப்படவில்லை. ஜெர்மன் பெயர்ச்சொல்லோ பெரும்பாலும் தன் உருவை மாற்றிக்கொள்வதில்லை. எனவே அடையாளம் காட்டும் பணி அதற்கு முன்னால் வரும் சொற்களின் மேல் விழுகிறது.

உணவு மேசையில் உள்ள மூன்று பொருள்களைக் கொண்டு இதைக் காணலாம். ஜெர்மனில் கரண்டி 'லெஃபெல்', ஆண்பால். முள்கரண்டி 'காபெல்', பெண்பால். கத்தி 'மெஸ்ஸெர்', அஃறிணைப்பாலுக்கு நிகரான மூன்றாம் பால். இந்தப் பால் பகுப்புக்கும் பொருளின் இயல்புக்கும் தொடர்பில்லை. ஆங்கில வகுப்பில் ஆர்டிக்கிள் என்று பயிலும் சொல் ஜெர்மனில் ஆண்பாலுக்கு 'டேர்', பெண்பாலுக்கு 'டீ', மூன்றாம் பாலுக்கு 'டாஸ்' என்று மூன்றாகப் பிரிந்து வந்து பாலைக் காட்டுகிறது. வேற்றுமை மாறும்போதும் மாறுவது ஆர்டிக்கிளே. எழுவாயாக 'டேர் லெஃபெல்', செயப்படுபொருளாக 'டேன் லெஃபெல்', தமிழின் நான்காம் வேற்றுமைக்கு ஏறத்தாழ நிகரான இடத்தில் 'டேம் லெஃபெல்' என்று வரும்போது, 'லெஃபெல்' என்னும் பெயர் அசையாமல் நிற்க, முன்னால் உள்ள ஓரெழுத்து மட்டுமே மாறுகிறது. ஆறாம் வேற்றுமைக்கு நிகரான 'டெஸ் லெஃபெல்ஸ்' என்னும் வடிவத்தில்தான் பெயரும் ஒரு 'ஸ்' பெறுகிறது. இதற்கும் மேலாக, இந்தப் பெயரின் பன்மையும் 'லெஃபெல்' என்பதே. ஒரு கரண்டியா, பல கரண்டிகளா என்பதைக்கூட அச்சொல் தானாக உணர்த்த இயலாது. முன்சொல்லும் அடையும் உதவாவிட்டால் பெயர் ஊமையாகிவிடும் நிலையில், பெயரடையின் விகுதிக்கு உண்டாகும் மதிப்பை எளிதில் உணரலாம்.

யார் சுமப்பது என்னும் ஒரே கேள்வி

முன்சொல் எதுவும் இல்லாத நிலையை முதலில் நோக்கலாம். உணவு விடுதிப் பட்டியலில் 'சூடான தேநீர்', 'சூடான பால்', 'சூடான நீர்' என்று ஆர்டிக்கிள் இன்றி எழுதும்போது, 'ஹைஸெர் டே', 'ஹைஸெ மில்ஷ்', 'ஹைஸெஸ் வஸ்ஸெர்' என்று மூன்று விகுதிகள் தோன்றுகின்றன. தேநீர் ஆண்பால் ஆதலால் 'டேர்' என்பதன் ஈற்றொலியாகிய 'எர்' பெயரடைக்கு இடம்பெயர்கிறது. பால் பெண்பால் ஆதலால் 'டீ' என்பதற்கு நிகராக 'எ' வருகிறது. நீர் மூன்றாம் பால் ஆதலால் 'டாஸ்' என்பதன் 'ஸ்' ஒலியோடு 'எஸ்' வருகிறது. 'உடன்' என்னும் பொருளுடைய 'மிட்' என்ற சொல்லை முன்னால் சேர்த்தால், அது நான்காம் வேற்றுமைக்கு நிகரான வடிவத்தைக் கோருவதால், 'மிட் ஹைஸெம் டே', 'மிட் ஹைஸெர் மில்ஷ்', 'மிட் ஹைஸெம் வஸ்ஸெர்' என்று விகுதிகள் மாறுகின்றன. ஆர்டிக்கிள் இருந்திருந்தால் முறையே 'டேம்', 'டேர்', 'டேம்' என்று வந்திருக்கும் என்பதை நினைத்தால், பெயரடை யாருடைய இடத்தில் நின்று வேலை செய்கிறது என்பது தெளிவாகும். இவ்வாறு முழு அடையாளத்தையும் தாங்கும் விகுதிகளின் தொகுதியை வலிய திரிபு என்பர்.

அடுத்தது 'டேர்', 'டீ', 'டாஸ்' முன்னால் நிற்கும் நிலை. இங்கு ஆர்டிக்கிளே அடையாளம் முழுவதையும் அறிவித்துவிடுகிறது. ஆகவே பெயரடை 'எ', 'என்' என்னும் இரண்டே விகுதிகளோடு அமைதி கொள்கிறது: 'டேர் கிளைனெ லெஃபெல்', 'டீ கிளைனெ காபெல்', 'டாஸ் கிளைனெ மெஸ்ஸெர்' என்று மூன்று பால்களுக்கும் ஒரே 'கிளைனெ' போதுமானதாகிறது. இதனை மெலிந்த திரிபு என்பர். 16 கட்டங்களில் 5 கட்டங்களுக்கு 'எ' என்றும், எஞ்சிய 11 கட்டங்களுக்கு 'என்' என்றும் இத்தொகுதி பிரிகிறது. ஒருமையில் ஆர்டிக்கிள் தன் அடிப்படை வடிவமாகிய டேர், டீ, டாஸ் என்ற உருவிலேயே நின்றால் பெயரடை 'எ' ஏற்கும். ஆர்டிக்கிள் 'டேன்', 'டேம்', 'டெஸ்' என்று திரிந்தாலோ, பெண்பாலின் 'டீ' வேற்றுமையால் 'டேர்' ஆக மாறினாலோ, பெயர் பன்மையாக இருந்தாலோ 'என்' ஏற்கும். இதுவே அந்த 16 கட்டங்களின் சுருக்கம். 'இந்த' என்னும் பொருளுடைய 'டீஸெர்', 'ஒவ்வொரு' என்னும் பொருளுடைய 'யேடெர்', 'எந்த' என்னும் பொருளுடைய 'வெல்ஷெர்' ஆகியவையும் ஆர்டிக்கிளைப் போலவே தெளிவான ஈறுகள் கொண்டவை ஆதலால், அவற்றுக்குப் பின்னும் இதே திரிபுதான்.

மூன்றாவது நிலையில்தான் நெறியின் நுட்பம் முழுமையாக வெளிப்படுகிறது. 'ஒரு' என்னும் பொருளுடைய 'ஐன்' என்னும் ஆர்டிக்கிளும், அதன் வழியில் செல்லும் 'கைன்' (ஒன்றும் இல்லை), 'மைன்' (என்னுடைய) முதலியனவும் பெரும்பாலான இடங்களில் விகுதி ஏற்றாலும், மூன்று இடங்களில் மட்டும் வெறுமையாக நிற்கின்றன: ஆண்பால் எழுவாய், மூன்றாம் பால் எழுவாய், மூன்றாம் பால் செயப்படுபொருள். 'ஐன் லெஃபெல்', 'ஐன் மெஸ்ஸெர்' என்னும் தொடர்களில் 'ஐன்' என்பது இரண்டுக்கும் பொதுவாக இருப்பதால், பெயர் ஆண்பாலா, மூன்றாம் பாலா என்பதை அது காட்டுவதில்லை. அந்த மூன்று இடங்களிலும் பெயரடை உடனே முன்வந்து சுமையை ஏற்று, 'ஐன் கிளைனெர் லெஃபெல்', 'ஐன் கிளைனெஸ் மெஸ்ஸெர்' என்று வலிய விகுதியோடு நிற்கிறது. வேற்றுமை மாறி 'மிட் ஐனெம் கிளைனென் லெஃபெல்' என்று வரும்போது, 'ஐனெம்' என்னும் சொல்லே 'எம்' விகுதியைத் தாங்கிவிடுவதால், பெயரடை மீண்டும் மெலிந்த 'என்' விகுதிக்குத் திரும்புகிறது. கலப்புத் திரிபு என்று தனி அட்டவணையாகக் கற்பிக்கப்படும் இந்தத் தொகுதி, உண்மையில் மெலிந்த திரிபோடு மூன்று இடைவெளிகளை நிரப்பும் வலிய விகுதிகள் சேர்ந்ததே ஆகும்.

பன்மையிலும் இதே கேள்விதான் விடை தருகிறது. 'இரண்டு' என்னும் பொருளுடைய 'ட்ஸ்வை' என்ற எண்ணுப்பெயர் வேற்றுமையைக் காட்டாது. ஆகவே 'ட்ஸ்வை கிளைனெ லெஃபெல்' என்று பெயரடை வலிய விகுதி பெறுகிறது. 'எல்லா' என்னும் பொருளுடைய 'அல்லெ' ஆர்டிக்கிளுக்கு நிகரானதாகக் கொள்ளப்படுவதால் 'அல்லெ கிளைனென் லெஃபெல்' என்று மெலிந்த விகுதி வருகிறது. பெயரடைகள் இரண்டு அடுத்தடுத்து வந்தால் இரண்டும் ஒரே விகுதியையே ஏற்கும்; 'சூடான கறுப்புத் தேநீர்' என்பது 'ஹைஸெர் ஷ்வார்ட்ஸெர் டே' ஆகும்.

ஒரு பெயர்த்தொடரில் திரிபு முழுமையாக ஒருமுறை வெளிப்பட்டால் போதும் என்னும் இந்தப் போக்கை ஜெர்மன் மொழியியலார் 'மோனோஃபிளெக்ஸியோன்' என்று அழைக்கின்றனர். எனினும் மெலிந்த விகுதிகளைப் பயனற்ற எச்சங்கள் என்று தள்ளிவிட இயலாது. 'டேர்' என்னும் ஆர்டிக்கிள் ஆண்பால் எழுவாய்க்கும், பெண்பாலின் நான்காம், ஆறாம் வேற்றுமைகளுக்கும், பன்மையின் ஆறாம் வேற்றுமைக்கும் பொதுவானது. 'டேர் கிளைனெ' என்று கேட்டவுடன் அடுத்து வருவது ஆண்பால் எழுவாய் என்பதும், 'டேர் கிளைனென்' என்று கேட்டவுடன் அது எழுவாயாக இருக்க முடியாது என்பதும் பெயர் காதில் விழும் முன்பே உறுதியாகிவிடும். அதேபோல் 'டீ கிளைனெ' என்பது ஒருமையையும் 'டீ கிளைனென்' என்பது பன்மையையும் முன்னறிவிக்கின்றன. ஆர்டிக்கிளும் விகுதியும் தனித்தனியே ஐயத்துக்கு இடம் தந்தாலும், இரண்டும் சேர்ந்து அந்த ஐயத்தைப் பெருமளவு நீக்கிவிடுகின்றன.

பொருளிலிருந்து வடிவத்துக்கு

வலிய, மெலிந்த என்னும் பெயர்களை ஜெர்மன் இலக்கணத்தில் நிலைநிறுத்தியவர் யாக்கோப் கிரிம். தம்பி வில்ஹெல்முடன் சேர்ந்து 1812 முதல் நாட்டுப்புறக் கதைகளை வெளியிட்டு உலகெங்கும் அறியப்பட்ட அவர், 1819இல் முதற்பகுதி வெளிவந்த தம் 'ஜெர்மன் இலக்கணம்' என்னும் பெருநூலில், ஜெர்மன் மட்டுமன்றி அதன் உறவு மொழிகளையும் வரலாற்று முறையில் ஒப்பிட்டு ஆராய்ந்தார். அந்த ஒப்பீடு காட்டும் முக்கியமான செய்தி, இந்த இரட்டைத் திரிபு ஜெர்மனுக்கு மட்டும் உரியதன்று, ஜெர்மானியக் குடும்பம் முழுவதற்கும் பொதுவான பழஞ்சொத்து என்பதே.

அக்குடும்பத்தில் விரிவான நூல் சான்று கிடைக்கும் மிகப் பழைய மொழி, 4ஆம் நூற்றாண்டில் ஆயர் வுல்ஃபிலாவின் விவிலிய மொழிபெயர்ப்பால் அறியப்படும் கோத்திக். அதில் 'குருடன் ஒருவன்' என்ற பொருளில் 'பிளிண்ட்ஸ்' என்னும் வலிய வடிவமும், 'அந்தக் குருடன்' என்ற பொருளில் 'ஸா பிளிண்டா' என்னும் மெலிந்த வடிவமும் வருகின்றன. வலிய விகுதிகளின் கணிசமான பகுதி சுட்டுப்பெயர்களின் ஈறுகளிலிருந்து பெயரடைக்குப் பரவியது. இன்றைய ஜெர்மனில் 'டேம்' என்பதற்கும் 'ஹைஸெம்' என்பதற்கும் ஈறு ஒன்றாக இருப்பதன் வரலாற்றுக் காரணம் இதுவே. மெலிந்த விகுதியில் ஒலிக்கும் 'ன்' இதனினும் வேறான தோற்றம் உடையது. ஒரு பண்பைக் கொண்டு ஒருவரை இன்னார் என்று குறித்துக் காட்டும் பெயர்களை உண்டாக்குவதற்குத் தொன்மையான இந்தோ-ஐரோப்பிய மொழி பயன்படுத்திய ஒட்டிலிருந்து அது வந்தது என்பது மொழியியலார் பொதுவாக ஏற்கும் விளக்கம். இலத்தீனில் 'கூர்மதியுடைய' என்னும் பண்புச்சொல்லிலிருந்து 'கேட்டோ' என்னும் குடிப்பெயர் பிறந்து, வேற்றுமை ஏற்கையில் 'கேட்டோனிஸ்' என்று 'ன்' ஒலியை வெளிப்படுத்துவதை இதற்கு இணையாகக் காட்டுவர்.

ஆகவே தொடக்கத்தில் மெலிந்த திரிபு, கேட்பவருக்குத் தெரிந்த, குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டும் பொருள் உடையதாக இருந்தது. ஆர்டிக்கிள் அப்போது இன்னும் உருவாகவில்லை. பிற்காலத்தில் 'அந்த' என்னும் சுட்டுச்சொல் தேய்ந்து ஆர்டிக்கிளாக நிலைபெற்றதும், குறிப்பிட்ட ஒன்று என்னும் பொருளை அதுவே உணர்த்தத் தொடங்கியது. மெலிந்த விகுதி அதற்குத் துணையாக மட்டும் நின்றது. இந்த இடத்திலிருந்து உறவு மொழிகளின் வழிகள் பிரிகின்றன. ஆங்கிலம் இடைக்காலத்தின் முடிவுக்குள் பெயரடை விகுதிகள் அனைத்தையும் இழந்தது. டச்சு மொழி ஒரே 'எ' விகுதியை, சில இடங்களில் அதுவும் இன்றி, வைத்துக்கொண்டது. சுவீடிஷ் மொழி பழைய பொருள் வேறுபாட்டைப் பெரிதும் காத்தது. 'என் பழைய கார்' என்பது கேட்பவருக்குத் தெரிந்த ஒரு காரைக் குறிப்பதால், அங்கே 'மின் கம்லா பீல்' என்று மெலிந்த வடிவமே வருகிறது.

ஜெர்மன் இதற்கு மாறாகப் பொருளைக் கைவிட்டு வடிவத்தைப் பற்றிக்கொண்டது. 'என் பழைய கார்' ஜெர்மனில் 'மைன் அல்டெஸ் அவ்டோ' என்று வலிய விகுதியோடு வருகிறது. கார் எது என்பது தெரிந்ததே என்றாலும், 'மைன்' என்னும் சொல்லில் ஈறு இல்லாததால் 'எஸ்' விகுதியைப் பெயரடை ஏற்றாக வேண்டியிருக்கிறது. இன்றைய ஜெர்மன் பெயரடை விகுதிகளின் விதிகள் இந்தத் திருப்பத்தின் விளைவுகளே. எது குறிப்பிடப்படுகிறது என்று கேட்ட பழைய இலக்கணம், எந்தச் சொல் ஈறு தாங்குகிறது என்று கேட்கும் இலக்கணமாக மாறியது.

இந்த மாற்றம் அண்மை நூற்றாண்டுகள் வரை தொடர்ந்ததற்கு ஆறாம் வேற்றுமை சான்றாகிறது. 'நல்ல மனத்திடத்துடன்' என்னும் பொருளில் பழைய ஜெர்மன் 'கூட்டெஸ் மூட்ஸ்' என்று எழுதியது. இன்று 'கூட்டென் மூட்டெஸ்' என்பதே வழக்கு. ஆண்பாலிலும் மூன்றாம் பாலிலும் பெயரே 'ஸ்' ஈறு ஏற்று வேற்றுமையைக் காட்டிவிடுவதால், பெயரடையும் அதே ஈற்றைத் திரும்பச் சொல்வது மிகையாகத் தோன்றியது. பழைய 'எஸ்' வடிவமும் புதிய 'என்' வடிவமும் சில காலம் அருகருகே வழங்கிய பின், புதியதே வென்றது. வலிய திரிபின் அட்டவணையில் விதிவிலக்கென்று மனப்பாடம் செய்யப்படும் அந்த இரண்டு கட்டங்களும் இவ்வகையில் பொது நெறிக்கே கட்டுப்பட்டவை.

கல்லிலும் கடிதத்திலும்

இந்த விகுதிகள் ஜெர்மன் நாட்டின் பொதுவாழ்வில் எங்கும் கண்ணில் படுபவை. நாடாளுமன்றத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் தலைப்பாக எழுதப்படும்போது 'டாய்ட்ஷெர் புண்டெஸ்டாக்'. செய்தி வாக்கியத்தில் ஆர்டிக்கிளோடு வரும்போது 'டேர் டாய்ட்ஷெ புண்டெஸ்டாக்'. 'நாடாளுமன்றத்தில்' என்னும்போது 'இம் டாய்ட்ஷென் புண்டெஸ்டாக்'. செஞ்சிலுவைச் சங்கத்தின் பெயரில் பெயரடைகள் இரண்டு இருப்பதால், 'டாய்ட்ஷெஸ் ரோட்டெஸ் கிராய்ட்ஸ்' என்பது ஆர்டிக்கிள் சேர்ந்ததும் 'டாஸ் டாய்ட்ஷெ ரோட்டெ கிராய்ட்ஸ்' என்று இரண்டு இடங்களிலும் மாறுகிறது. ஒரு நிறுவனத்தின் பெயர்கூட வாக்கியத்தில் அது நிற்கும் இடத்துக்கேற்ப வளைந்துகொடுக்கிறது.

பெர்லினில் நாடாளுமன்றம் கூடும் ரைஷ்டாக் கட்டடத்தின் முகப்பில் 'டேம் டாய்ட்ஷென் ஃபோல்கெ', அதாவது 'ஜெர்மன் மக்களுக்கு' என்னும் வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது. பவுல் வாலோட் வடிவமைத்த கட்டடம் 1894இல் நிறைவுற்றபோதும், நெப்போலியன் காலப் போர்களில் கைப்பற்றிய பீரங்கிகளின் உலோகத்தை உருக்கி வார்த்த இந்த எழுத்துகள் 1916இல்தான் அங்கே பொருத்தப்பட்டன. அந்த மூன்று சொற்களில் 'டேம்' என்பது வேற்றுமையைத் தெளிவாக அறிவிக்க, 'டாய்ட்ஷென்' மெலிந்த 'என்' விகுதியோடு அதைப் பின்தொடர, 'ஃபோல்க்' என்னும் பெயர் இன்று பேச்சில் ஏறக்குறைய மறைந்துவிட்ட பழைய 'எ' உருபைத் தாங்கி நிற்கிறது. ஜெர்மன் பெயர்த்தொடர் தன் வேலையை எப்படிப் பங்கிடுகிறது என்பதை அதைவிடச் சுருக்கமாகக் காட்டுவது அரிது.

அன்றாட வாழ்த்துகளும் இதற்கு விலக்கல்ல. பகல் வணக்கம் 'கூட்டென் டாக்', இரவு வணக்கம் 'கூட்டெ நாஹ்ட்', வார இறுதி வாழ்த்து 'ஷேனெஸ் வோஹென்எண்டெ' என்று மூன்றும் வெவ்வேறு விகுதிகளோடு வருவதற்குக் காரணம், 'உமக்கு வாழ்த்துகிறேன்' என்னும் வினை அவற்றின் பின்னால் மறைந்திருப்பதே; அந்த வினைக்குச் செயப்படுபொருளாக நிற்கும் பகல் ஆண்பால், இரவு பெண்பால், வார இறுதி மூன்றாம் பால். 'மதிப்பிற்குரிய' என்று கடிதம் தொடங்கும்போது ஆணுக்கு 'ஸேர் கெஏர்டெர் ஹெர்' என்றும் பெண்ணுக்கு 'ஸேர் கெஏர்டெ ஃபிராவ்' என்றும் எழுதப்படுகிறது. விளியில் ஆர்டிக்கிள் வராது என்பதால் விகுதி வலியதாகவே இருக்கும்.

தமிழில் 'நல்ல' என்பதிலிருந்து 'நல்லவன்' பிறப்பது போல ஜெர்மன் பெயரடையும் பெயராக மாறக்கூடியது. ஆனால் பெயரான பின்பும் அது தன் பெயரடை விகுதிகளைக் கைவிடுவதில்லை. ஜெர்மானியர் ஒருவர் 'ஐன் டாய்ட்ஷெர்'. அந்த ஜெர்மானியர் 'டேர் டாய்ட்ஷெ'. நாடாளுமன்ற உறுப்பினரைக் குறிக்கும் 'அப்கெஓர்ட்நெடெர்' என்னும் சொல்லும் இவ்வாறே திரியும்.

எல்லாப் பெயரடைகளும் இந்த ஒழுங்குக்கு உட்படுவதில்லை. இளஞ்சிவப்பைக் குறிக்கும் 'ரோசா', ஊதாவைக் குறிக்கும் 'லீலா' போன்ற கடன்சொற்கள் பொதுவாக மாறாமல் நிற்கும். நகரப் பெயர்களிலிருந்து 'எர்' சேர்ந்து உண்டாகும் 'பெர்லினெர்', 'கெல்னெர்' போன்றவையும் அப்படியே. கொலோன் நகரப் பெருங்கோயிலின் பெயராகிய 'கெல்னெர் டோம்' எந்த வேற்றுமையில் வந்தாலும் 'கெல்னெர்' என்னும் அடை மாறாது.

நீண்ட அடைகளின் எல்லைக்கல்

எழுத்து ஜெர்மனில், குறிப்பாகச் சட்டம், அறிவியல், செய்தி ஆகிய துறைகளில், பெயரடை விகுதி மேலும் ஒரு பணி செய்கிறது. வினையிலிருந்து பிறக்கும் எச்சங்கள் பெயரடையாக வந்து, தமக்கு முன்னால் முழு வாக்கியம் அளவுக்கு நீளும் சொற்களைச் சேர்த்துக்கொள்ளக்கூடும். 'நாடாளுமன்றம் சென்ற ஆண்டு நிறைவேற்றிய சட்டம்' என்பதை ஜெர்மன் 'டாஸ் ஃபொம் புண்டெஸ்டாக் இம் ஃபெர்காங்கெனென் யார் பெஷ்லோஸ்ஸெனெ கெஸெட்ஸ்' என்று எழுதும். 'டாஸ்' என்னும் ஆர்டிக்கிளுக்கும் 'கெஸெட்ஸ்' என்னும் பெயருக்கும் இடையில் செய்தி முழுவதும் அடங்கியிருக்க, 'பெஷ்லோஸ்ஸெனெ' என்பதன் ஈற்று 'எ' தொலைவில் விட்டுவந்த 'டாஸ்' என்பதோடு இணங்கி, அடைத்தொடர் முடிந்துவிட்டது, இனிப் பெயர் வரும் என்று அறிவிக்கிறது. இடையில் உள்ள 'இம் ஃபெர்காங்கெனென் யார்' (சென்ற ஆண்டில்) என்னும் உள்தொடர் தனக்குரிய 'என்' விகுதியைத் தனியே பெற்றிருப்பதால், இரு தொடர்களும் ஒன்றோடொன்று குழம்புவதில்லை.

ஆங்கிலம் வழியாக ஜெர்மன் கற்பவர்கள் இத்தகைய தொடர்களைக் கண்டு மலைப்பதுண்டு. தமிழ் அறிந்தவர்களுக்கோ இது பழக்கமான வழியாகும். பெயரெச்சத்தின் முன்னால் எவ்வளவு செய்தியையும் அடுக்கி, பெயரை இறுதியில் வைப்பது தமிழ் உரைநடையின் அடிப்படைப் போக்கு. விகுதி ஒன்றை நீக்கிவிட்டால், இந்த ஜெர்மன் தொடரின் சொல்வரிசை ஏறத்தாழத் தமிழின் சொல்வரிசையே.

இன்னும் அசையும் ஒழுங்கு

இந்த நெறி இன்றும் உயிரோடு இயங்குகிறது என்பதற்கு, தாய்மொழியாளர்களே தயங்கும் இடங்கள் நல்ல சான்று. ஆர்டிக்கிள் இன்றிப் பெயரடைகள் இரண்டு அடுத்தடுத்து 'எம்' விகுதி ஏற்க வேண்டிய இடத்தில், இரண்டாவது பெயரடையை 'என்' என்று மெலிவித்து எழுதுவோர் பலர். முதற்பெயரடை அடையாளத்தைக் காட்டிவிட்டதால் இரண்டாவதற்கு அது தேவையில்லை என்னும் உணர்வே அதன் காரணம். இலக்கண நூல்கள் இரண்டும் இணையாகத் திரிவதையே நெறியாகப் பரிந்துரைக்கின்றன.

இதைவிட அதிக விவாதத்துக்கு உள்ளானது 'இந்த ஆண்டின்' என்னும் தொடர். மரபு நெறிப்படி அது 'டீஸெஸ் யாரெஸ்' என்று வர வேண்டும். ஆனால் 'சென்ற ஆண்டின்', 'அடுத்த ஆண்டின்' என்பவை பெயரடைகள் ஆதலால் 'லெட்ஸ்டென் யாரெஸ்', 'நெஹ்ஸ்டென் யாரெஸ்' என்று 'என்' விகுதியோடு வருகின்றன. அவற்றின் அருகில் அடிக்கடி வழங்குவதால் 'டீஸென் யாரெஸ்' என்னும் வடிவமும் பேச்சிலும் செய்தித்தாள்களிலும் பரவியிருக்கிறது. மொழித்தூய்மை பேணுவோர் இதைப் பிழை என்று கண்டிப்பர். பிழையென்றே கொண்டாலும், 'யாரெஸ்' என்னும் பெயரே 'ஸ்' ஈற்றைத் தாங்கி நிற்கும் இடத்தில், முன்சொல்லின் 'ஸ்' விலகிக்கொள்வது, 'கூட்டெஸ் மூட்ஸ்' என்பது 'கூட்டென் மூட்டெஸ்' ஆன பழைய மாற்றத்தின் தொடர்ச்சியாகவே காணப்படுகிறது.

கற்பவர்களுக்கு இவற்றால் கிடைக்கும் பயன் தெளிவானது. 48 கட்டங்களை மூன்று அட்டவணைகளாக மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு பெயரையும் அதன் டேர், டீ, டாஸ் சேர்த்தே முதலில் கற்பதும், ஆர்டிக்கிளின் வேற்றுமை வடிவங்களை நாவில் படியச் செய்வதும் முதன்மையானவை. ஏனெனில் வலிய விகுதிகள் அனைத்தும் அவற்றின் ஈறுகளிலிருந்தே கிடைத்துவிடும், பெயரே 'ஸ்' தாங்கும் இரண்டு கட்டங்கள் மட்டுமே விலக்கு. அதன் பின், பேசும்போதும் எழுதும்போதும் கேட்க வேண்டியது, முன்சொல் அடையாளத்தைக் காட்டிவிட்டதா என்பதுதான். காட்டவில்லையெனில் பெயரடைக்கு ஆர்டிக்கிளின் ஈறு. காட்டிவிட்டதெனில், ஒருமையில் ஆர்டிக்கிள் தன் அடிப்படை வடிவில் நிற்கும் ஐந்து இடங்களில் 'எ', மற்றவற்றில் 'என்'. இந்த வினாவைப் பழக்கமாக்கிக்கொண்டவர்களுக்கு ஜெர்மன் பெயரடை அட்டவணையாக நினைவில் நிற்பதில்லை. வாக்கியத்தில் எந்தப் பெயர் எழுவாய், எது செயப்படுபொருள், எது யாருக்கு உரியது என்பதைப் பெயர் வருவதற்கு முன்பே காட்டிக்கொடுக்கும் துணையாகிவிடுகிறது.